நடுவில் சேர்த்த இரண்டு பக்கங்கள்

அந்தச் சிறுவர் நாவலை மறுபடியும் அச்சிடப் போகிறார்களாம். பழைய சாகச நாவல்களை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக வரிசையாகக் கொண்டுவருகிறார்கள். அதன் இரண்டாம் பதிப்பு சேலத்தில் அச்சானபோது அங்கே புரூஃப் திருத்தியவன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நினைவில் இருப்பதை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது. அந்தப் புத்தகத்தில் இரண்டு பக்கங்கள் அதன் ஆசிரியர் எழுதியவை அல்ல. நான் எழுதியவை. அவற்றுக்காக அவர் ஜெயிலுக்குப் போனார். நான் பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

யுத்தமும், வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லும் கிளர்ச்சியும் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். நான் நாமக்கல் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. இன்டர்மீடியட் படித்துவிட்டு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதலாளிக்குப் பழைய சாகச நாவல்கள் மேல் ஒரு பைத்தியம். சின்ன வயதில் அவர் படித்த புத்தகங்கள் எங்கேயும் கிடைக்காமல் போய்விட்டன. அவற்றைத் திரும்ப அச்சடிக்க வேண்டும் என்று காகிதக் கட்டுப்பாட்டுக்கு நடுவிலும் தாள் சேர்த்து வைத்திருந்தார்.

முதலில் எடுத்த நாவலை எழுதியவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். எழுபது தாண்டியவர். கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், விதவையான மகளோடு இருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. எதிரில் நிற்பது ஆளா மரமா என்பது மட்டும் தெரியும். நானும் முதலாளியும் போய்க் கேட்டபோது, துணியில் சுற்றிவைத்திருந்த புத்தகத்தை மகளை எடுத்துவரச் சொல்லி, தடவிப் பார்த்து, என் கையில் கொடுத்தார்.

“எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதானுங்க சாமி. பத்திரமாத் திருப்பிக் குடுத்துருங்க.”

“கண்டிப்பாங்கய்யா” என்றேன்.

அச்சகத்துக்கு வந்ததும் நாங்கள் செய்த முதல் காரியம் அதன் தையலை அறுத்ததுதான். எங்கள் தொழிலில் அதில் தவறு ஒன்றும் இல்லை. ஒரே ஆள் முழுப் புத்தகத்தையும் எழுத்துக் கோத்தால் ஆறு மாதம் ஆகும். அதனால் புத்தகத்தைத் தாள் தாளாகப் பிரித்து மூன்று கம்பாஸிட்டர்களுக்குப் பங்கு போடுவோம். முதல் ஆளின் பங்கு எந்தப் பக்கத்தில் முடியும், அடுத்தவர் எந்தப் பக்க எண்ணில் தொடங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். மூவரும் ஒரே சமயத்தில் கோப்பார்கள். முடிந்த பக்கங்களை அச்சடித்துவிட்டு உடனே எழுத்தைக் கலைத்துப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். எழுத்து அவ்வளவு பற்றாக்குறை.

கணிக்கும் வேலை என்னுடையது. பழைய புத்தகத்தின் நடுவில் இரண்டு முழுப்பக்கப் படங்கள் இருந்தன. எங்களிடம் அந்தப் படங்களை அச்சடிக்க பிளாக் கிடையாது. அவற்றை விட்டுவிட்டுத்தான் அச்சடிக்கப்போகிறோம் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணும்போது அவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டேன்.

சில வாரம் கழித்து அச்சகத்து போர்மேன் என் மேசைக்கு வந்தார்.

“புரூப்பு சாமி, நடுவுல ரெண்டு பக்கம் வெறுங்காடா நிக்குது. உழுது வெதைக்கறீங்களா, இல்ல அப்படியே தரிசு போட்டுரலாமா?”

பின்னால் வரும் பக்கங்கள் எண்ணோடு அச்சாகி, காய்ந்து, அடுக்கப்பட்டிருந்தன. எழுத்தும் கலைத்தாகிவிட்டது. திரும்ப அடிக்கத் தாள் இல்லை. முதலாளியிடம் போய் நின்றேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவரோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

“விளம்பரம் ஏதாச்சும் போட்டுரலாங்களா?” என்றார் போர்மேன்.

“கொள்ளைக்காரன் குகைக்கு நடுவுல பல்பொடி விக்கறதா? நல்லா இருக்குதய்யா உம்ம ரோசனை” என்றார் முதலாளி.

“நானே எழுதி நிரப்பிடறேனுங்க” என்றேன். தப்பைச் செய்தவன் நான். அதை மூட எது கிடைத்தாலும் போதும் என்றிருந்தது. முதலாளி தலையைத் தூக்காமலே, “என்னமோ பண்ணு. கதை கெடக்கூடாது” என்றார்.

கதை இதுதான். கொல்லிமலையில் ஒரு கொள்ளைக்காரன் கோட்டை கட்டிக்கொண்டு கீழே இருக்கும் ஊர்களை ஆட்டிவைக்கிறான். அவன் தூக்கிப் போன தங்கையை மீட்க அண்ணனும் அவன் சிநேகிதனும் மலையேறுகிறார்கள். கோட்டையைச் சுற்றி மரத்துக்கு மரம் வெண்கல மணி கட்டிய கயிறு ஓடுகிறது. யார் தொட்டாலும் காவலர்களுக்குக் கேட்டுவிடும். இருவரும் அந்தக் கயிற்றுக்கு அடியில் ஊர்ந்து போய் ஒரு குகையில் ஒதுங்குகிறார்கள். அங்கே அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயம் காலையில் தொடங்குகிறது. இடையில்தான் எனக்கு வேண்டிய இடம் இருந்தது. அண்ணன் எழுந்து திரும்பிப் போகிறான், மணிகளைத் துணியால் சுற்றிக் கயிற்றை அறுக்கிறான் என்று எழுதினேன். சிநேகிதன் தடுக்கிறான். அண்ணன் சொல்கிறான்: “இந்தக் கயிறு இருக்கும்வரை நம் ஊரில் யார் அசைந்தாலும் அவனுக்குத் தெரியும். கயிற்றை அறு. முதலில் அவன் செவிடாகட்டும்.”

இதில் தேசபக்தி எதுவும் இல்லை. அப்படி இருந்தது என்று சொல்லிக்கொள்ள எத்தனையோ முறை ஆசைப்பட்டிருக்கிறேன். அந்தச் சமயத்தில் என் மனத்தில் இருந்தது இரண்டு பக்கம், பக்கத்துக்கு முப்பத்திரண்டு வரி, அவ்வளவுதான்.

புத்தகம் கட்டி முடிந்ததும் ஐந்து பிரதிகளை எடுத்துக்கொண்டு நான்தான் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போனேன். பழையதைத் தைத்து அப்புறம் கொண்டுவருகிறேன் என்றேன். பெரியவர் புதியதை முகர்ந்து பார்த்தார். “படிச்சுக் காட்டு தம்பி” என்றார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுவதும் படித்தேன். என் பக்கங்கள் வந்தபோது குரல் மாறியது எனக்கே கேட்டது. படித்து முடித்ததும் பெரியவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“இத இன்னொருக்காப் படி.”

படித்தேன்.

“அடேயப்பா. இப்படியா எழுதியிருக்கேன்? எனக்கே ஞாபகமில்ல பாரு. இந்தப் புஸ்தகத்துலயே இதான் நல்ல எடம்.”

அப்போது சொல்லியிருக்கலாம். அவர் சிரித்திருப்பார். போலீஸும் இல்லை, பயமும் இல்லை. ஆனால் அந்தப் பாராட்டு என் காதில் இனித்தது. அவர் எழுதியதாக இருக்கும்வரைதான் அது பாராட்டு, நான் எழுதியது என்று சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடும் என்று பட்டது. “ஆமாங்கய்யா, நல்லா இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் படித்தேன்.

பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைப் பிய்த்துத் தின்னாத குறைதான். ஒரு பிரதியைப் பத்துப் பேர் படித்தார்கள். நாமக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில் யாரோ சுண்ணாம்புக் கட்டியால் ‘கயிற்றை அறு’ என்று எழுதியிருப்பதாக ஊருக்குப் போய்வந்த கம்பாஸிட்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கும் பெருமையாக இருந்தது. அடுத்த வாரம் அதே சாலையில் தந்திக் கம்பியை நாலு இடத்தில் அறுத்துப்போட்டார்கள். பிடிபட்டவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர். ஒருவன் இடுப்பில் எங்கள் புத்தகம் இருந்தது. அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தானாம்.

அந்த நாலு பேருக்கும் பிரம்படி கொடுத்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அன்றைக்கு அவர்களை நினைக்கவில்லை. என்னைத்தான் நினைத்தேன். அந்த வருஷம் போலீஸ் கூட்டிப்போன ஆட்கள் எப்படித் திரும்பிவந்தார்கள் என்று பார்த்திருந்தேன். எங்கள் தெருக்கோடியில் ஒருவருக்கு வலது கை விரல்கள் மடங்கவில்லை. சோற்றை இடது கையால் சாப்பிடுவார். புத்தகம் பிடிபட்டது என்ற சேதி வந்ததிலிருந்து அந்த விரல்கள்தான் என் கண்முன் இருந்தன. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் புரூஃபை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

பழைய புத்தகத்தின் தாள்கள் என் மேசைக்குப் பக்கத்தில் கம்பியில் குத்தி மாட்டியிருந்தன. அவற்றோடு நான் கையால் எழுதிக் கொடுத்த தாளும் இருந்தது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். பின்கட்டில் அச்சு ரோலர் வார்க்க வச்சிரப் பசையும் வெல்லப்பாகும் காய்ச்சுகிற அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. முதலில் என் கையெழுத்துத் தாளைப் போட்டேன். அது போதும் என்றுதான் போனேன். அப்புறம் தோன்றியது: பழைய புத்தகத்தைப் பார்த்தால் அந்த இடத்தில் இரண்டு படங்கள்தான் இருக்கும், கதை இருக்காது. அந்த இரண்டு படங்களையும் போட்டேன். அவை மட்டும் இல்லாவிட்டால் சந்தேகம் வருமே என்று மீதியையும் போட்டேன். முப்பது வருஷத்துப் பழைய தாள், ஒரு நிமிஷத்தில் எரிந்துபோனது. திரும்பினால் போர்மேன் கையில் சோற்றுத் தூக்குப்போசியோடு வாசற்படியில் நிற்கிறார்.

அவர் அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எனக்கு அஞ்சு புள்ளைங்க சாமி” என்றார். “நான் எதையும் பாக்கல. நீங்க எழுதிக் குடுத்ததையும் பாக்கல.”

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்தார். வெளியூர்க்காரர். சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்து, மடித்த மூலையைத் தடவிவிட்டு, “இந்தப் பக்கம் யார் எழுதினது?” என்று கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். கண்ணால் கெஞ்சினார். நான் உண்மையைச் சொன்னால் அச்சகத்தை மூடிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. எனக்கோ என் விரல்கள்.

“பழைய புஸ்தகத்துல இருந்ததுங்க. அப்படியே போட்டோமுங்க” என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை.

“பழைய புத்தகம் எங்கே?”

“தாள் கெட்டுப்போயிருந்ததுங்க. கோத்து முடிச்சதும் கை துடைக்கப் போட்டுட்டாங்க.”

“எல்லாப் பிரஸ்லயும் அப்படித்தானுங்க எசமான்” என்றார் போர்மேன், எழுத்துப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமல்.

அன்று பிற்பகலே குதிரை வண்டியில் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போனோம். இன்ஸ்பெக்டர், ஒரு கான்ஸ்டபிள், நான். ஆசிரியரை அடையாளம் காட்ட என்னைக் கூட்டிப்போனார்கள். வழியெல்லாம் ஒன்றையே வேண்டிக்கொண்டு போனேன். தான் எழுதவில்லை என்று அவர் சொல்லிவிடக்கூடாது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் வேண்டிக்கொண்டது அதைத்தான்.

பெரியவர் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். அந்தப் பக்கத்தைத் தானே படித்துக் காட்டினார். பிறகு கேட்டார்.

“இது நீங்க எழுதினதா?”

பெரியவர் முகத்தில் ஒரு சந்தோஷம். “ஆமாங்க. நான் எழுதினதுதான்.”

மகள் ஓடிவந்தாள். “அப்பா, சும்மா இருங்கப்பா. ஏனுங்க, அப்பாவுக்கு வயசாயிப்போச்சு, எதையோ சொல்றாருங்க. அது எந்தக் காலத்துலயோ எழுதுனது.”

“அப்படின்னா நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் இன்ஸ்பெக்டர். “நீங்க பெரியவர். உங்களைச் சிரமப்படுத்தணும்னு எனக்கு இல்லை. திரும்ப அச்சடிக்கும்போது நடுவுல வேற யாராவது புகுத்தினாங்களா? இருந்தா இப்பவே சொல்லுங்க, நான் போயிடறேன்.” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

மகளும் என்னையே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் வரவில்லை. அதற்குள் பெரியவர் கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்தார்.

“யாரு புகுத்துவாங்க? இந்தத் தம்பிதானுங்க படிச்சுக் காட்டுனாப்ல. ஒரு எழுத்து மாத்தாமப் போட்டிருக்காப்ல. நல்ல புள்ளைங்க. எழுதினவனே இல்லீன்னு சொல்லலாமுங்களா?”

சட்டையை மாட்டிக்கொள்ள அவருக்கு நான்தான் உதவினேன். வண்டியில் ஏற்றிவிட்டதும் நான்தான். பித்தானை நான் துளை மாற்றிப் போட்டிருந்தேன். அவரே தடவிப் பார்த்துச் சரிசெய்துகொண்டார். “பயப்படாத சாமி, உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க” என்று எனக்குச் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து அவரை விடுதலை செய்தார்கள். நெஞ்சுச் சளியும் வீங்கிய காலுமாகத் திரும்பிவந்தார். ஊரில் மாலை போட்டார்களாம். நான் போகவில்லை. பத்து நாள் கழித்து ஆள் அனுப்பினார். அப்போதும் பயந்துகொண்டுதான் போனேன். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். தெருவில் நின்று இரண்டு முறை திரும்பிவிடப் பார்த்தேன்.

அவர் படுத்திருந்தார். என் குரலைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார். மகளைக் காப்பி போடச் சொன்னார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல் தணிந்த குரலில் பேசினார்.

“உள்ள ஒரு வயசுப்பசங்க கூட்டம் இருந்துச்சு தம்பி. ‘தாத்தா, அந்தக் கயித்தை அறுக்கற எடத்தைச் சொல்லுங்க’ன்னு கேட்டாங்க. எனக்கு அந்தப் புஸ்தகம் அடியிலிருந்து நுனி வரைக்கும் பாடம். பள்ளிக்கூடத்துல எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். எல்லாம் வருது, அது மட்டும் வரமாட்டேங்குது. குகையில படுப்பாங்க, அப்பறம் விடிஞ்சுரும். நடுவுல ஒண்ணுமே இல்ல.”

என் மணிக்கட்டை அவர் விடவில்லை.

“அந்த எடத்துல ரெண்டு படமல்ல இருந்துச்சு? மதராஸ்ல ஒருத்தர் வரைஞ்சு குடுத்தாரு. ரெண்டு பேரும் கயித்துக்கு அடியில ஊந்து போறாப்ல ஒண்ணு, குகை வாசல் ஒண்ணு. பழைய புஸ்தகம் அச்சாபீஸ்ல பாழாப்போச்சுன்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு. நீ அதைப் பாத்தவன். இருந்துச்சா இல்லியா, சொல்லு.”

இப்போது யாரும் என்னை ஜெயிலில் போடப்போவதில்லை. அறையில் இருந்தது நாங்கள் இருவர். உண்மையைச் சொன்னால் அவர் கோபப்பட்டிருக்கலாம், கையை உதறியிருக்கலாம். ஆனால் அவருடைய நினைவு சரி, மூளை சரி என்று தெரிந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அதைத்தான் கேட்டார். என் பயம் இப்போது வேறு. மகள் காதில் விழும், ஊருக்குத் தெரியும், மாலை போட்டவர்கள் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

“படம் எதுவும் இல்லீங்கய்யா” என்றேன். “பழைய புஸ்தகத்துலயும் கதைதான் இருந்துச்சுங்க.”

“இல்லியா?”

“இல்லீங்க.”

அவர் பிடி தளர்ந்தது. மகள் காப்பியோடு வந்தாள். “உனக்கு ஞாபகம் இருக்குதா கண்ணு, எம் புஸ்தகத்துல படம் இருந்துச்சே?” என்று அவளைக் கேட்டார்.

“எனக்கென்னப்பா தெரியும். அதத் துணியிலிருந்து நீங்க பிரிக்க உட்டாத்தானே.”

“அப்ப எனக்குத்தான் கலங்கிப்போச்சு” என்றார் பெரியவர். போலீஸ் வண்டியில் ஏறும்போது இல்லாத பயம் அப்போது அவர் முகத்தில் வந்தது. பார்வையில்லாத கண்களை அகலத் திறந்துகொண்டு அறையில் எதையோ தேடினார். காப்பி டம்ளரை வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தார். “எழுதுனது தெரியல. இல்லாத படம் தெரியுது. இன்னும் என்னென்ன இல்லாதது எனக்கு இருக்குதோ.”

நான் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் அவர் மகளைப் பார்த்தேன். நான் ஒதுங்குவதற்குள் அவளே கூப்பிட்டாள். அப்பா இப்போதெல்லாம் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதில்லை என்றாள். எது கேட்டாலும் தனக்கு நிச்சயமாகத் தெரியாது என்கிறாராம்.

“எல்லாத்துக்கும், நாமக்கல் தம்பி வந்தாக் கேட்டுச் சொல்றேங்கறாருங்க. நேத்து எங்கம்மா பேரைக் கேட்டேன், அதுக்கும் அதேதான்” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. “ஏனுங்க, ஒரு நாளைக்கு ஊட்டுப் பக்கம் வந்துட்டுப் போங்களேன். உங்க குரலக் கேட்டா தைரியமா இருப்பாரு.”

“வாரேனுங்க” என்றேன்.

போகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார்.